பாட்டிலின் பின்பக்கம்

குளிர்பான பாட்டிலைப் பாராட்ட வருகிறவர்கள் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். பெயர் அங்கே இருக்கிறது, படம் அங்கே இருக்கிறது, கடைக்காரர் அடுக்கி வைப்பதும் அந்த முகம் தெரியும்படிதான். என் மேஜை மேல் நிற்கிற ரோஸ் மில்க் பாட்டிலை நான் திருப்பி வைத்துக்கொண்டு பார்க்கிறேன். இதன் அழகில் முக்கால் பங்கு பின்பக்கத்தில் இருக்கிறது.

இது கடையில் வாங்கியது அல்ல. என் தங்கை மகள் விஸ்காம் படித்தவள். அடையாறில் ஒரு டிசைன் ஸ்டுடியோவில் வேலைக்கு எழுதிப் போட வேண்டும், அதற்குக் காட்ட நாலு வேலை கையில் இருக்க வேண்டும் என்று தனக்குத் தானே ஒரு வேலையைக் கொடுத்துக்கொண்டு செய்த டம்மி. கம்பெனி கிடையாது, ஆர்டர் கிடையாது, கூலி கிடையாது. மயிலாப்பூரில் வளர்ந்த பெண், எந்தப் பானம் என்று அதிகம் யோசித்திருக்க மாட்டாள்.

மாட வீதியில் காளத்தி கடை 1927 முதல் இருக்கிறது. அது பத்திரிகைக் கடை. ஆனால் ஊர் அறிந்தது ரோஸ் மில்க்கால். அங்கே நின்று குடிப்பவருக்கு லேபிள் எதற்கு? கடை தெரியும், கொடுப்பவர் முகம் தெரியும், என்ன கலந்திருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் எதிரிலேயே இருக்கிறார். கோலி சோடாவுக்கும் லேபிள் வேண்டியிருக்கவில்லை. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் காப்புரிமை பெற்ற அந்த பாட்டிலில், உள்ளே அடைபட்ட வாயுவே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தோடு அழுத்திக்கொள்ளும். கழுத்தின் நெளிவைப் பார்த்தாலே இன்னதென்று தெரிந்துவிடும். 1915இல் கொக்கக்கோலா தனக்கென்று ஒரு பாட்டில் வடிவம் தேடியபோதும், இருட்டில் தொட்டாலும் உடைந்து தரையில் கிடந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டது. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க், பொவண்டோ என்ற பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டின் நாக்கில் ஏற்றிவிட்டது. அதற்குப் பெயரே போதும். வடிவமும் சொந்தமில்லை, பெயரும் பிரபலமில்லை, எதிரில் பதில் சொல்ல ஆளும் இல்லை என்ற நிலையில், தி.நகர் சூப்பர் மார்க்கெட் ஃப்ரிட்ஜில் நாற்பது பாட்டில்களுக்கு நடுவே நிற்கப்போகிற 200 மி.லி. பாட்டில் என்ன செய்யும்? கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் லேபிள் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பு பின்பக்கத்தின் மேல்தான் விழுகிறது.

பயிற்சிக்காகச் செய்கிற டம்மிகளில் முன்பக்கம் பளிச்சென்று இருக்கும். திருப்பினால் அர்த்தமில்லாத லத்தீன் சொற்களை இட்டு நிரப்பி, எங்கிருந்தோ எடுத்த ஒரு பார்கோடை ஒட்டி முடித்திருப்பார்கள். இவள் அப்படிச் செய்யவில்லை. நாளைக்கே பாலைக் காய்ச்சி இதில் அடைத்து விற்பனைக்கு அனுப்பப்போகிறவள் எழுதுகிற கவனத்தோடு ஒவ்வொரு வரியையும் எழுதியிருக்கிறாள்.

பொருட்பட்டியலைப் பாருங்கள். பால், சர்க்கரை, ரோஜா எசென்ஸ், நிறமி (ஐ.என்.எஸ். 122). எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. அதனால் பட்டியலின் வரிசையே ஒரு தகவல். நிறமியைப் பற்றிய வரி எத்தனையோ லேபிள்களில் மடிப்புக்குள்ளும் மூலைக்குள்ளும் ஒதுங்கிக் கிடக்கும். இங்கே ‘பால்’ என்ற சொல்லுக்கு என்ன அளவோ அதே அளவு 122க்கும். கார்மோய்சின் என்ற சிவப்புச் சாயத்தின் எண் அது. இந்த ரோஸ் ரோஜாவிலிருந்து வரவில்லை என்பதை அந்த மூன்று இலக்கம் ஒளிக்காமல் சொல்கிறது. ‘நிறமி’ ஒரு வரியின் கடைசியிலும் எண் அடுத்த வரியிலும் போய்ப் பிரிந்துவிடாதபடி வரியை உடைத்திருக்கிறாள். படிப்பவர் இதைக் கவனிக்கமாட்டார், தடுக்காமல் படித்துவிட்டுப் போவார். அடுத்த வரியில் ‘பால் உள்ளது’ என்று தனியாக, சற்றே தடித்த எழுத்தில். ரோஸ் மில்க்கில் பால் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமா என்று தோன்றலாம். பால் ஒத்துக்கொள்ளாத குழந்தையின் தாய் பட்டியலைப் படிக்கமாட்டாள், அந்த ஒரு வரியைத்தான் தேடுவாள்.

பள்ளியில் நயம் பாராட்டல் எழுதிய காலத்தில் வரித் தொடக்கத்தில் மோனையையும் வரி முடிவில் இயைபையும் தேடச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கண் இன்னும் போகவில்லை. இந்தப் பின்பக்கத்தில் தமிழ் வரிகளும் ஆங்கில வரிகளும் இடப்பக்கம் ஒரே கோட்டில் தொடங்குகின்றன. வலப்பக்கம் எங்கே முடிகிறதோ அங்கே முடியட்டும் என்று விட்டிருக்கிறாள். நெருக்கிப் பிடித்து இரண்டு ஓரமும் சமமாக வரச் செய்தால் தமிழில் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். நம் சொற்கள் நீளம், குறுகின பத்தியில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் கொள்ளும். ஓட்டை விழாமல் இருக்க எழுத்துகளை இழுக்கிற பத்திரிகைப் பக்கங்களைத் தினமும் பார்க்கிறோம். இவள் மோனையை வைத்துக்கொண்டு இயைபை விட்டுக்கொடுத்தாள். சரியான முடிவு.

தமிழ் வரிகள் அங்கே இருப்பதே அவளுடைய விருப்பத்தால்தான். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011 கேட்பது இந்தியோ ஆங்கிலமோ மட்டும். வேறு மொழியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது, சேர்த்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால்தான் மயிலாப்பூரில் கறந்து மயிலாப்பூரிலேயே குடிக்கிற பாலாக இருந்தாலும், என்ன இருக்கிறது, எத்தனை நாள் தாங்கும் என்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. பெயரைத் தமிழில் பெரிதாகப் போடுவார்கள். உண்மையைத் தமிழில் சிறிதாகக்கூடப் போடமாட்டார்கள். இந்த டம்மியில் தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே, இரண்டும் ஒரே உயரம். இடம் பற்றவில்லை என்று ஒரு வரியைக்கூட அவள் மொழிபெயர்க்காமல் விடவில்லை. இதற்காக முன்பக்கத்து ரோஜாப் படத்தைப் பாதியாகக் குறைத்தாள் என்று கேட்டபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

அந்த விதிகளிலேயே நான் ரசித்த ஒரு வரி உண்டு. எழுத்தின் அகலம் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. உயரம் மட்டும் சொல்லியிருந்தால், எழுத்துகளைக் குச்சி குச்சியாக நெருக்கி, சட்டப்படி உயரம் சரி என்று தப்பித்துவிடுவார்கள் அல்லவா? அந்த ஓட்டையை அடைத்தவர்கள், 1 என்ற எண்ணுக்கும் ஆங்கிலத்தின் ஐ, எல் எழுத்துகளுக்கும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அவை பிறவியிலேயே மெலிந்தவை. அச்செழுத்தை உற்றுப் பார்த்த ஒருவர் கை அந்த விதியில் பட்டிருக்க வேண்டும். தமிழுக்கு இந்தக் கவலையே இல்லை. ‘மி’யும் ‘ல’வும் உயரத்தைவிட அகலத்தில்தான் பெரியவை. ‘200 மி.லி.’ என்று தமிழில் புள்ளிகளோடும், பக்கத்தில் ஆங்கிலக் குறியீடு அதன் மரபுப்படி புள்ளி இல்லாமலும் நிற்கின்றன. ‘சுமார்’, ‘ஏறத்தாழ’ என்ற சொற்களுக்கு அங்கே இடம் கிடையாது. அளவு என்றால் அளவு.

எழுதாமல் விட்ட இடங்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் 14 இலக்கம். இல்லாத கம்பெனிக்கு உரிமம் எங்கிருந்து வரும்? அவள் 14 சின்னக் கட்டங்களை வரைந்து காலியாக விட்டுவிட்டாள். வாயில் வந்த எண்ணைப் போட்டிருந்தால் அது யாருடைய உரிமமாகவாவது இருந்துவிடக்கூடும். தயாரித்த தேதி, கடைசித் தேதி, பேட்ச் எண் மூன்றுக்கும் லேபிளில் இடமே இல்லை. ‘மூடியில் பார்க்கவும்’ என்று ஒரு வரி மட்டும். பால் அடைக்கிற வரிசையில் பாட்டில் ஓடும்போதே இங்க்ஜெட் எந்திரம் தேதியைத் தெளித்துவிடும். அச்சகம் முன்கூட்டி அடிக்கிற லேபிளில் அது எப்படி இருக்க முடியும்? எது அச்சகத்தில் நடக்கிறது, எது பாட்டில் நிரப்பும் இடத்தில் நடக்கிறது என்று தெரிந்தவள்தான் இப்படிப் பிரித்து வைப்பாள்.

இனி பார்கோடு. இதைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இந்திய நிறுவனங்கள் வாங்கும் பார்கோடு எண்கள் 890 என்று தொடங்கும். டம்மிக்கு அப்படி ஓர் எண்ணைக் கற்பனையாகப் போட்டால், அது ஏதோ ஒரு சோப்புக்கோ பிஸ்கட்டுக்கோ சொந்தமானதாக இருக்கலாம். ஆனால் 2 என்று தொடங்கும் எண்களை உலகம் முழுவதும் கடைகளின் உள் உபயோகத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் காய்கறியை எடை போட்டு ஒட்டுகிற ஸ்டிக்கருக்கு அந்த வகை எண் உதவும். அவள் எடுத்துக்கொண்டது 2000000000152. கடைசி 2 இஷ்டத்துக்குப் போட்டதல்ல. முதல் பன்னிரண்டு இலக்கங்களில் இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று இரட்டைப்படை இடங்களில் நிற்பவற்றை மூன்றால் பெருக்கி, மற்றவற்றை அப்படியே கூட்ட வேண்டும். இங்கே 5 பன்னிரண்டாம் இடத்தில் இருப்பதால் 15, அதோடு முதலில் நிற்கும் 2, பதினோராம் இடத்து 1, ஆக 18. இருபதுக்கு 2 குறைகிறது. அந்தக் குறைதான் பதின்மூன்றாவது இலக்கம். ஸ்கேனர் ஓர் இலக்கத்தைத் தப்பாகப் படித்தால் இந்தக் கூட்டல் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கோடுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். பதின்மூன்று இலக்கத்தில் முதல் இலக்கத்துக்குக் கோடே கிடையாது! இடப்பாதியில் உள்ள ஆறு இலக்கங்களையும் இரண்டு விதமாக வரையலாம்; எது எந்த விதத்தில் வரையப்பட்டிருக்கிறது என்ற வரிசைதான் முதல் இலக்கத்தைச் சொல்கிறது. இவளுடைய எண்ணில் அந்த ஆறும் சுழியம். ஆறு சுழியங்கள், ஆனால் ஒரே மாதிரி இல்லை. முதலாவது, இரண்டாவது, ஐந்தாவது சுழியங்களில் சற்றுத் தடித்த கோடு முந்தி, மெல்லிய கோடு பிந்தி வருகிறது. மூன்று, நான்கு, ஆறில் மெல்லியது முந்திக்கொள்கிறது, இன்னும் தடித்தது பின்னால் வருகிறது. இந்த மாறி வருதலுக்கு அர்த்தம், வெளியே நிற்கிற அந்த 2. யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. சொல்லின் பொருள் ஒரு பக்கம் இருக்க, குறிலும் நெடிலும் அடுக்கிய முறையே இன்னொன்றைச் சொல்லும் என்பது நமக்குத் தெரிந்த சங்கதிதான்.

பாட்டில் ஒல்லியானது. கோடுகளை நிமிர்த்தி நிறுத்தினால் ஓரத்துக் கோடுகள் வளைவில் ஒதுங்கி நெருங்கிப்போகும், ஸ்கேனர் தடுமாறும். அதனால் கோடுகளை ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்திருக்கிறாள். பாட்டில் எவ்வளவு வளைந்தாலும் படிகளுக்கு நடுவே உள்ள தூரம் மாறாது. இரு முனையிலும் வெற்றிடம் விட வேண்டும். மிக மெல்லிய கோட்டின் அகலத்தை ஒரு பங்கு என்று வைத்தால் தொடக்கத்தில் 11 பங்கு, முடிவில் 7 பங்கு. அந்த வெற்றிடத்தில் வலைத்தள முகவரியை நுழைத்துவிடுகிற லேபிள்கள் உண்டு. இங்கே ஒரு தூசிகூட இல்லை.

அந்தக் கோடுகள் கறுப்பு அல்ல. கரும்பச்சை. பின்னணியும் வெள்ளை அல்ல, ரோஸ். முதல் பார்வையில் துணிச்சலாகத் தோன்றும். பில் போடுமிடத்து ஸ்கேனர் வீசுவது சிவப்பு ஒளி. சிவப்பு ஒளியில் ரோஸ் நிறம் வெள்ளையாகவே பட்டுத் திரும்பும். பச்சை அந்த ஒளியை விழுங்கிக் கறுப்பாகிவிடும். நம் கண்ணுக்கு ரோஸும் பச்சையும், எந்திரத்துக்குக் கறுப்பும் வெள்ளையும். இதையே திருப்பிப் போட்டு, வெள்ளைக் காகிதத்தில் அழகான சிவப்புக் கோடுகள் போட்டிருந்தால் ஸ்கேனருக்கு வெறும் காகிதம்தான் தெரியும். “ஸ்கேன் பண்ணிப் பாருங்க பெரியம்மா” என்று சொன்னவள், அதற்கு முன்னாலேயே தெருமுனை மளிகைக் கடையில் கொடுத்துப் பார்த்துவிட்டாள். ஸ்கேனர் பீப் என்றது, கம்ப்யூட்டர் அப்படி ஒரு பொருள் இல்லை என்றது. இரண்டும் சரியான பதில்.

லேபிள் முழுவதும் இந்த இரண்டே நிறங்கள்தான். தி.நகர் புடவைக் கடைகளில் நிறங்களுக்குத் தனி அகராதி உண்டு: ராமர் பச்சை, மயில் கழுத்து, ராணி கலர், எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்தியதால் வந்த எம்.எஸ். ப்ளூ. ரோஸ் உடலுக்குப் பச்சை பார்டர் என்பது காஞ்சிப் பட்டில் பல காலமாக நிலைத்த ஜோடி. அங்கிருந்துதான் எடுத்தேன் என்று அவளே சொன்னாள். ஆனால் புடவையில் நிறத்தைப் பார்த்தால் போதும், லேபிளில் எழுத்தைப் படிக்க வேண்டும். ரோஸும் பச்சையும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால் எழுத்தின் ஓரம் நடுங்கும், கண் கூசும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு எழுத்தே மறைந்துபோகும். அதனால் ரோஸை வெளிற விட்டு, பச்சையை நன்றாகக் கறுக்க வைத்திருக்கிறாள். கறுப்பு மை இல்லாமலே கறுப்புக்கு நிகரான ஒன்று கிடைத்துவிட்டது. சைவ உணவுக் குறியான பச்சைச் சதுரமும், அதில் பாதி குறுக்களவுள்ள பச்சைப் பொட்டும் தனி நிறம் கேட்காமல் அதே மையில் அடங்கிவிட்டன. எல்லா லேபிள்களிலும் வேண்டாவிருந்தாளியாக மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குறி, இந்த ஒரு லேபிளில் வீட்டுப் பிள்ளையாக இருக்கிறது.

இதில் எனக்கும் அவளுக்கும் ஒரு கருத்து வேறுபாடு. ரோஸ் கொஞ்சம் அதிகமாகவே வெளிறிவிட்டது என்பேன். மாட வீதியில் குடிக்கிற ரோஸ் மில்க்குக்கு ஒரு கூச்சமற்ற நிறம் உண்டு. தூரத்திலிருந்தே நாக்கு ஊறும். முன்பக்கத்திலாவது ராணி கலருக்குப் பக்கத்தில் போயிருக்கலாம். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டில் கண்ணாடி, உள்ளே இருக்கும் பால் தன் நிறத்தைத் தானே காட்டும், லேபிள் அதோடு போட்டி போட வேண்டாம் என்கிறாள். அவள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. நான் இன்னும் மாறவில்லை.

அச்சடித்தது ராயப்பேட்டையில், கல்யாணப் பத்திரிகைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிற இடத்தில். காகிதம் ஆண்டர்சன் தெருவில் வாங்கிய 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ. இரண்டு நிறத்துக்கு இரண்டு ஸ்கிரீன். முதலில் ரோஸ், காய்ந்த பிறகு அதன் மேலேயே பச்சை. பச்சை எழுத்து விழும் இடத்தில் ரோஸை வெட்டி ஒதுக்கவில்லை. ஒதுக்கியிருந்தால் ரெஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியும். மேலேயே அடித்ததால் காகிதம் சற்று நகர்ந்தாலும் வெளியே தெரியாது, பச்சையும் இன்னும் ஆழமாகிறது. ஸ்கிரீனில் மை பரவும் என்பதால் பார்கோடின் ஒவ்வொரு கோட்டையும் ஃபைலில் கொஞ்சம் மெலிதாக்கிக் கொடுத்திருக்கிறாள். பரவி முடித்ததும் அது இருக்க வேண்டிய அகலத்துக்கு வந்து நின்றது.

முன்பக்கத்துக்கு வருகிறேன். ‘ரோஸ் மில்க்’ என்ற பெயர் மட்டும். கற்பனையாக ஒரு கம்பெனிப் பெயரைக்கூடச் சூட்டவில்லை. ‘ரோ’வில் ரகரமும் அதன் பின்னால் வரும் காலும் ஏறக்குறைய ஒரே உருவம். ரகரத்துக்குக் கீழே ஒரு சாய்ந்த வால் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வாலை அவள் நன்றாக இழுத்து, இலைக்காம்பின் வளைவில் முடித்திருக்கிறாள். முன்னால் நிற்கும் இரட்டைச் சுழிக் கொம்பு வீரமாமுனிவர் காலத்தில் வழக்குக்கு வந்தது என்பார்கள். மேல் சுழியும் கீழ்ச் சுழியும் ஒன்றையொன்று அடைத்துக்கொள்ளாமல் நடுவே மூச்சு விட இடம் வைத்து வரைவது லேசான காரியம் இல்லை. ஸ், ல், க் மூன்றின் மேலும் புள்ளி. மூன்றும் ஒரே உயரத்தில், வழக்கத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாக. ‘மி’யின் விலங்கு எழும்பி அதே உயரத்தைத் தொட்டுத் திரும்புகிறது. சிறிய எழுத்தில் புள்ளி மறைந்து ‘மிலக’ என்று படிக்கும்படி ஆகிவிட்ட கடைப் பலகைகள் இந்த ஊரில் எத்தனை! இங்கே பத்தடி தூரத்திலும் மூன்று புள்ளியும் தெரிகின்றன. மற்றபடி முன்பக்கத்தில் ரோஜா ஒன்று இருக்கிறது. நன்றாக இருக்கிறது.

மூடி மேலானது. பாட்டிலுக்குப் போடுகிற தகர மூடியை 1892இல் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் கண்டுபிடித்தார்; அப்போது அதற்கு 24 பல். இப்போது வழக்கமான மூடிகளுக்கு 21. அவள் மூடி மேல் வரைந்த ரோஜாவுக்கும் 21 இதழ், ஏழு ஏழாக மூன்று அடுக்கு. வெளி அடுக்கு இதழ்களின் நுனி மூன்று பல்லுக்கு ஒன்றாக வந்து பொருந்துகிறது. உள் அடுக்குகள் இரண்டும் ஒவ்வொரு பல் தள்ளித் தள்ளி நிற்பதால், மூன்று அடுக்கும் சேர்ந்து எல்லாப் பல்லையும் பார்த்துவிடுகின்றன. எண்ணிப் பார்க்காமலே மூடிக்கும் பூவுக்கும் ஏதோ பொருத்தம் இருக்கிறது என்று கண் ஒத்துக்கொள்கிறது.

சென்னையின் புழுக்கத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் இரண்டு நிமிடத்தில் வியர்த்துவிடும். நனைந்த காகித லேபிள் விரலோடு உரிந்து வரும். அதனால் கை பிடிக்கிற இடுப்பில் லேபிள் இல்லை. தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே ஏற்றி ஒட்டியிருக்கிறாள். பிடிப்பவரின் உள்ளங்கைக்கு வெறும் கண்ணாடியின் குளிர்ச்சி கிடைக்கிறது. வழிந்து இறங்கும் தண்ணீர் லேபிளின் கீழ் ஓரத்தில் தேங்காதபடி மூலைகளை உருட்டியிருக்கிறாள். கூரான மூலைதான் முதலில் கிளம்பும்.

லேபிள் பாட்டிலை முழுக்கச் சுற்றவில்லை. பக்கவாட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி. பால் நிறைந்திருக்கும்போது அந்த இடைவெளியில் ரோஸ் மில்க் தெரிகிறது. அதற்குத்தான் இடைவெளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்துவிட்டு அதன் வழியாக உள்ளே பார்த்தால், எதிர்ப்பக்கத்து லேபிளின் உட்புறம் தெரிகிறது. அங்கே அச்சடித்திருக்கிறாள்: ‘காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.’

பால் இருக்கிறவரை அந்த வாக்கியத்தை யாரும் படிக்க முடியாது. படிக்க முடிகிறபோது அதைச் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஸ்டிக்கர் ஷீட்டில் இதைச் செய்ய முடியாது என்பதால்தான், எளிதாகக் கிடைக்கிற ஸ்டிக்கரை விட்டு, பழைய சோடா பாட்டில்களில் செய்தபடி காகிதத்தைப் பசை தடவி ஒட்டியிருக்கிறாள். பசை ஈரத்தில் காகிதம் ஊடுதெரியும், உள்ளெழுத்தின் நிழல் வெளிப்பக்கம் விழும்; அதனால் உள்ளெழுத்து வருகிற இடத்துக்கு நேர் மேலே வெளிப்பக்கத்தில் ரோஜாவின் அடர்ந்த இலைகளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். முன்பக்கத்தில் அந்த இலைகள் ஏன் இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன என்று எனக்கு ஒரு சின்னக் குறை இருந்தது. இலை சாய்ந்திருப்பது அந்த வாக்கியத்தின் நீளத்துக்கு.